டிசம்பரில் யூனிவர்சல் ஸ்ரூடியோஸ் சிங்கப்பூர்: திருமலைக் குடும்பங்களுக்குக் காசு பெறுமா?

டிசம்பர் பிறந்தால் திருமலையில் (திருகோணமலையில்) வாடையும் மாரியும்தான். நிலாவெளியில் படகுகள் கரையேறிக் கிடக்கும், புறாத்தீவுக்குப் போக வழியில்லை, பள்ளிக்கூடமும் பூட்டு. ஓகஸ்ட் விடுமுறையிலோ உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதியும் வானும் படகும் வைத்திருப்பவர்களுக்கு உழைப்புக் காலம். அதனால்தான் பிள்ளைகளோடு வெளிநாடு போக நினைக்கிற வீடுகள் பல டிசம்பரைப் பிடிக்கின்றன. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டாம், தமிழ் எழுத்தைத் தெருவிலேயே பார்க்கலாம் என்பதால் சிங்கப்பூர் முதலில் வந்து நிற்கும். சிங்கப்பூர் என்றால் பிள்ளைகள் கேட்பது செந்தோசாத் தீவில் உள்ள யூனிவர்சல் ஸ்ரூடியோஸ் கேளிக்கைப் பூங்கா.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பிள்ளைகள் எல்லாரும் 122 சென்ரிமீற்றரைத் தாண்டிய வீட்டுக்கு இது நல்ல பூங்கா. டிசம்பர் நெரிசலிலும் காசு பெறும். மூத்த பிள்ளையே ஒரு மீற்றருக்குக் கீழே என்றால் இரண்டு மூன்று வருடம் பொறுப்பது புத்தி. இடைப்பட்ட உயரக்காரர்களுக்கு எந்தக் கிழமை போகிறீர்கள், எந்த ரைட்டை (ஏறிப் போகும் விளையாட்டை) எந்த நேரத்தில் பிடிக்கிறீர்கள் என்பதில்தான் பெறுமதி இருக்கிறது.

ஆகவே விமானச்சீட்டு விலை பார்க்க முன்னர் அளவுநாடாவை எடுத்துப் பிள்ளையைச் சுவரோடு நிறுத்துங்கள், செருப்பில்லாமல். காலையில் அளந்தால் மாலையைவிடச் சற்றுக் கூடக் காட்டும். ஆகவே பின்னேரம் அளப்பதே நம்பகமானது. பற்றில்ஸ்ரார் கலக்ரிகா என்ற இரட்டை ரோலர் கோஸ்டருக்கு 125 சென்ரிமீற்றர் வேண்டும். மம்மி ரைட்டுக்கு 122, ஜுராசிக் பார்க் நீர்ச்சுழி மிதவைக்கு 107, ட்ரான்ஸ்போமர்ஸுக்கு 102, புஸ் இன் பூட்ஸ் ரைட்டுக்கு 100. கனபி ஃப்ளையருக்கும் என்சான்ரட் எயார்வேஸுக்கும் 92. 122க்குக் குறைந்த பிள்ளை, அனுமதி உள்ள ரைட்டிலும் பெரியவர் ஒருவரோடுதான் ஏறவேண்டும். வரிசையின் வாசலிலேயே அளவுகோல் வைத்திருப்பார்கள். ஒரு சென்ரிமீற்றருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், கெஞ்சிப் பயனில்லை. ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு தம்பிக்கு மட்டும் அனுமதி இல்லை என்று தெரியவந்தால் அன்றைய நாள் முழுவதும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டிலேயே அளந்து, எதில் ஏறலாம் எதில் ஏறமுடியாது என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

நுழைவுச்சீட்டு உயரத்தைப் பார்ப்பதில்லை, வயதைத்தான் பார்க்கிறது. நான்கு வயதுக்குக் கீழே இலவசம், 4 முதல் 12 வரை சிறுவர் விலை, 60 தாண்டினால் முதியோர் விலை. ஐந்து வயதும் 98 சென்ரிமீற்றரும் உள்ள பிள்ளைக்குச் சிறுவர் சீட்டு முழுவதும் கட்டுவீர்கள். பெரிய ரைட் ஒன்றிலும் ஏற்றமாட்டார்கள். இந்தப் பூங்காவில் மிக மோசமான பேரம் இதுதான்.

அடுத்தது நாள். இலங்கைப் பாடசாலை விடுமுறை ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் மாதங்களில் வருகிறது. சிங்கப்பூரின் நீண்ட விடுமுறைகள் ஜூனிலும், நவம்பர் நடுப்பகுதிக்குப் பின் தொடங்கி டிசம்பர் முடியும்வரையும். ஓகஸ்டில் அங்கே பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். 9ஆம் திகதி தேசிய தினத்தை ஒட்டிய நாட்களை விட்டால் கிழமை நாட்களில் பூங்கா மூச்சுவிடும். டிசம்பரிலோ நம் விடுமுறையும் அவர்கள் விடுமுறையும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. தொழில் விட்டுக்கொடுத்தால் ஓகஸ்டில் போய்வருவது எல்லா வகையிலும் மேல். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு காலத்தில் விடுமுறை வருவதால் அந்தக் குடும்பங்களுக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. ஆனால் வெயிலில் ஒரு நாள் முழுக்க நடக்கிற இந்த வேலையை நோன்போடு செய்வது கடினம்.

டிசம்பர்தான் என்று முடிவானால், மாதத்தின் முதல் பாதியில் செவ்வாய், புதன், வியாழனில் ஒன்றைப் பிடியுங்கள். நத்தாரிலிருந்து புதுவருடம்வரை உள்ள கிழமையைக் கண்ணை மூடிக்கொண்டு விலக்குங்கள். அந்த நாட்களில் சிங்கப்பூர்க்காரரோடு மலேசியா, இந்தோனேசியாக் குடும்பங்களும் வந்து குவியும். இன்னொரு இடுக்கும் உண்டு: சிங்கப்பூர்ப் பள்ளிகள் ஜனவரி தொடக்கத்திலேயே திறந்துவிடும். அந்த வருடம் நம் பாடசாலைகள் சில நாள் பிந்தித் திறந்தால் அந்த நாட்கள் பொன்.

சீட்டு இப்போது திகதி குறித்தே விற்கப்படுகிறது. கூட்ட நாட்களில் விலையும் கூடும். மழை பெய்தால் காசு திரும்பாது. இதை மனதில் வைத்துத்தான் எக்ஸ்பிரஸ் பாஸ் பற்றி யோசிக்கவேண்டும்.

எக்ஸ்பிரஸ் என்பது நுழைவுச்சீட்டு அல்ல. அதற்கு மேலாக வாங்குவது. பட்டியலில் உள்ள ரைட் ஒவ்வொன்றிலும் ஒரு தடவை குறுகிய வரிசையில் விடுவார்கள். எத்தனை தடவையும் ஏறக்கூடிய வகை வேறு, அது இன்னும் விலை. நாளுக்கு நாள் விலை மாறும், உச்ச நாளில் நுழைவுச்சீட்டின் விலையையே எட்டிப்பிடிக்கும். ஒரு நாளுக்கு இத்தனை என்று எண்ணித்தான் விற்பார்கள். நெரிசலைப் பார்த்துவிட்டு உள்ளே வாங்கலாம் என்று போனால் டிசம்பர் கடைசியில் தீர்ந்துபோயிருக்கும்.

குடும்பத்தில் எல்லாருக்கும் ஒன்றாக வாங்குவதுதான் பெரும்பாலான வீடுகள் காசை வீணாக்கும் இடம். எக்ஸ்பிரஸின் பலன் முழுவதும் கலக்ரிகா, மம்மி, ட்ரான்ஸ்போமர்ஸ், கனபி ஃப்ளையர் போன்ற நீண்ட வரிசைகளில்தான் கிடைக்கிறது. 110 சென்ரிமீற்றர் பிள்ளைக்கு அவற்றில் முதல் இரண்டும் இல்லை. அவளுக்கு எக்ஸ்பிரஸ் வாங்கினால் அரைவாசிக்குத்தான் பலன். மாதத்தின் முதல் பாதியில், கிழமை நாளில், காலையிலேயே போகிற குடும்பம் எக்ஸ்பிரஸ் இல்லாமல் சமாளிக்கலாம். சனி ஞாயிறோ நத்தார்க் கிழமையோ என்றால், 125ஐத் தாண்டிய பிள்ளைகள் உள்ள வீடு வாங்கத்தான் வேண்டும். பூங்கா வழமையாகக் காலை 10 முதல் இரவு 7 வரை. உச்ச நாட்களில் பிந்தியும் மூடும். ஒன்பது மணி நேரத்தில் சாப்பாடு, கழிப்பறை, மழை, ஒரு மேடைக்காட்சி போக மிஞ்சுவது ஆறு மணி நேரம். பெரிய ரைட் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கினால் எண்ணிப் பாருங்கள்.

எக்ஸ்பிரஸ் இல்லாதவர்களுக்கு இலவசமாக இரண்டு வழி உண்டு. தனியாள் வரிசை சில ரைட்டுகளில் இருக்கிறது. வண்டியில் மிஞ்சுகிற ஒற்றை இருக்கைக்கு ஆளை ஏற்றுவார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் அண்ணனும் தங்கையும் பக்கத்தில் இருக்கமுடியாது, பெரியவர் துணை தேவைப்படும் பிள்ளையை இதில் விடவும் மாட்டார்கள். மற்றது பிள்ளை மாற்று: எல்லாரும் ஒன்றாக வரிசையில் போய், அப்பா ஏறும்போது அம்மா சின்னவனோடு காத்திருந்து, அவர் இறங்கியதும் மறுபடி வரிசையில் நில்லாமல் அம்மா ஏறலாம். வரிசையின் தொடக்கத்தில் நிற்கிற ஊழியரிடமே கேட்டுவிடுங்கள்.

சில வரிசைகள் ஏன் நகராமல் நிற்கின்றன என்று தெரிந்தால் திட்டம் போடுவது எளிது. கனபி ஃப்ளையர் பார்வைக்குச் சின்ன ரைட், சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒரு தொட்டிலில் நால்வர்தான். ஆகவே முன்னால் முப்பது பேர் நின்றாலே நேரம் போகும். கலக்ரிகாவில் முதலில் நால்வர் அமரும் வரிசை இருந்தது. 2013இல் நிறுத்தி 2015இல் திறந்தபோது இருவர் அமரும் வண்டிகளாக மாற்றினார்கள், ஒரு ஓட்டத்தில் ஏறும் தொகை அதோடு குறைந்தது. மாறாக ட்ரான்ஸ்போமர்ஸ் வரிசை நீளமாகத் தெரிந்தாலும் நகர்ந்துகொண்டே இருக்கும், முழுவதும் கூரைக்குள்ளும் இருக்கிறது. அதைப் பார்த்துப் பயந்து திரும்பவேண்டாம்.

இனி மழை. சிங்கப்பூரின் டிசம்பரும் நம்முடைய டிசம்பரும் ஒரே வடகீழ்ப் பருவக்காற்றின் பிள்ளைகள். அங்கே மழை பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகு, இடி மின்னலோடு இறங்கும். மின்னல் எச்சரிக்கை வந்தவுடன் வெளியே உள்ளவை எல்லாம் நிற்கும்: கலக்ரிகா, கனபி ஃப்ளையர், நீர்ச்சுழி மிதவை, என்சான்ரட் எயார்வேஸ், வோட்டர்வேர்ல்ட் சாகசக் காட்சி. அப்போது முழுக்கூட்டமும் கூரைக்குக் கீழே ஓடும். ட்ரான்ஸ்போமர்ஸ், மம்மி வரிசைகள் கொஞ்ச நேரத்தில் வீங்கிவிடும். இதற்கு மருந்து ஒன்றுதான்: காலையில் வெளி ரைட்டுகள், பின்னேரம் உள் ரைட்டுகள். எல்லாரும் வாசலுக்குப் பக்கத்தில் உள்ளதில் முதலில் ஏறுவதால் காலைத் திட்டத்தில் கொஞ்சம் நடக்கவேண்டிவரும்.

உள்ளே குளத்தைச் சுற்றி ஒரு வட்டமாகப் பூங்கா கிடக்கிறது. வாசலில் ஹொலிவூட், வலப்பக்கம் போனால் நியூயோர்க், பிறகு சைஃபை சிற்றி, பண்டைய எகிப்து, லொஸ்ற் வேர்ல்ட், ஃபார் ஃபார் அவே, கடைசியாக மினியன் லாண்ட் வந்து மறுபடி வாசல். மடகாஸ்கர் இருந்த இடத்தில் 2025இல் திறந்ததுதான் மினியன் லாண்ட். புதிது என்பதால் வந்தவர்கள் பலர் முதலில் இடப்பக்கம் அதற்குள்தான் நுழைகிறார்கள். பெரிய பிள்ளைகள் உள்ளவர்கள் வலப்பக்கம் போய்க் கலக்ரிகாவின் சிவப்பு, நீலம் இரண்டையும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடவேண்டும். சிவப்பு இருந்து போவது. நீலம் கால் தொங்கத் தலைகீழாகப் புரட்டும். அங்கிருந்து எகிப்தில் நிற்காமல் நேரே கனபி ஃப்ளையருக்குப் போங்கள். மம்மி எங்கும் போய்விடாது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு கலக்ரிகாவை விட்டுவிட்டுக் கனபி ஃப்ளையரிலேயே தொடங்கலாம். பிறகு புஸ் இன் பூட்ஸ், என்சான்ரட் எயார்வேஸ். நீர்ச்சுழி மிதவையை மத்தியானத்துக்குச் சற்று முன் வைத்துக்கொள்ளுங்கள். நனைவது நிச்சயம். உடை காய வெயில் கொஞ்சமாவது மிஞ்சவேண்டும். நனைந்த உடுப்போடு குளிரூட்டிய அரங்குக்குள் போய் இருந்தால் பிள்ளைக்கு அடுத்த நாள் தடிமன். மாற்றுடுப்பு ஒன்று கட்டாயம். மழை உறை உள்ளேயும் விற்கிறார்கள், டொலரில். திருமலைச் சந்தைப் பக்கத்திலேயே ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு போனால் முடிந்தது.

கலக்ரிகாவுக்கும் மம்மிக்கும் பையைக் கொண்டுபோக விடமாட்டார்கள். லொக்கர் குறித்த நேரம்வரை இலவசம், பிந்தினால் காசு. வரிசை நீளமாக இருக்கிற நாளில் அந்த நேரம் போதாது. பையை ரைட்டில் ஏறாத ஒருவரிடம் விட்டுவிட்டுப் போவதே சுகம். காலணி விடயத்தில், பின்பட்டி உள்ள செருப்பே நல்லது. பின்பட்டி இல்லாத பாட்டா என்றால் தொங்கு ரைட்டில் ஏறமுன் கழற்றச் சொல்வார்கள், சப்பாத்து நனைந்தால் நாள் முழுக்கக் காயாது.

சாப்பாட்டைப் பற்றிப் புகழ ஒன்றுமில்லை. வெளிச்சாப்பாடு கொண்டுபோக விடுவதில்லை, குழந்தைச் சாப்பாட்டுக்கு விலக்கு உண்டு. தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோகலாம், நிரப்ப உள்ளே குழாய் உண்டு. ஹலால் சான்றிதழ் உள்ள கடைகள் இருக்கின்றன, வாசலில் ஒட்டியிருக்கும். சைவக்காரருக்குத் தெரிவு குறைவு. கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே போய் அதே நாளில் திரும்ப வரலாம். ஆனால் கூட்ட நாளில் சாப்பாட்டுக்காக அப்படிப் போய்வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையில் லிட்டில் இந்தியாவில் வயிறு நிறையத் தோசையோ இட்லியோ சாப்பிட்டுவிட்டு, உள்ளே பதினொன்றரைக்கே மத்தியானச் சாப்பாட்டை முடிப்பதுதான் நல்லது. பன்னிரண்டரைக்குப் போனால் அங்கேயும் வரிசை.

தங்குவதற்கும் லிட்டில் இந்தியா, ஃபாரர் பார்க் பகுதியே கணக்குக்கு ஒத்துவரும். செந்தோசாவுக்குள் உள்ள ஹோட்டல்களை டிசம்பரில் பார்க்கவே வேண்டாம். லிட்டில் இந்தியாவிலிருந்து ஊதா நிறப் பாதை ரெயிலில் ஏறினால் மாறாமல் ஹாபர்ஃப்ரண்ட் கடைசி நிலையம். கால் மணி நேரம் அளவில். மேலே விவோசிற்றி கடைத்தொகுதியின் மூன்றாம் மாடியில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரெயில். ஆளுக்கு 4 டொலர், திரும்பி வர இலவசம், இறங்குவது முதல் நிலையத்தில். கடலோர நடைபாதையால் நடந்தால் அதுவும் மிச்சம். சிங்கப்பூர் ரெயிலில் விசா, மாஸ்ரர் காட்டைத் தட்டியே ஏறலாம். ஆனால் ஆளுக்கொரு காட் வேண்டும், ஒன்றையே நான்கு பேர் தட்டமுடியாது. அப்பாவிடம் மட்டும்தான் காட் இருக்கிறது என்றால் மற்றவர்களுக்கு நிலையத்தில் பயண அட்டை வாங்குங்கள். ஒன்பதரைக்குப் பூங்கா வாசலில் நிற்கிற மாதிரிப் புறப்படவேண்டும்.

அம்மம்மா, அப்பப்பாவைக் கூட்டிப்போவதா? ரைட் ஏறாதவர்களுக்கென்று தனிச்சீட்டு இல்லை. இருக்கையில் இருந்து பை பார்க்கவும் முதியோர் விலை கட்டவேண்டும். அன்றைக்கு அவர்களை வீரமாகாளியம்மன் கோயில் பக்கம் விட்டுவிட்டு, அடுத்த நாள் பூங்காவுக்குப் பக்கத்திலேயே உள்ள கடல்வாழ் உயிரினக் காட்சியகமான சிங்கப்பூர் ஓஷனேரியத்துக்கு எல்லாருமாகப் போவது நியாயம். அது முழுவதும் கூரைக்குள், மழைக்கும் பயமில்லை. எல்லாரும் படம் எடுக்கிற சுழலும் பூமி உருண்டை வாசலுக்கு வெளியே இருக்கிறது, அதற்குக் காசில்லை. செந்தோசாவின் கடற்கரைகளுக்கு ஒரு நாளை ஒதுக்கச் சொல்லும் பயணத் திட்டங்களைத் திருமலைக்காரர் கேட்கத் தேவையில்லை. அங்கே உள்ளது வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய மணல்.

பயண ஏற்பாட்டில் தவறுவது பெரும்பாலும் கடவுச்சீட்டுத்தான். பிள்ளைகளின் கடவுச்சீட்டுக்குக் காலம் குறைவு. போகிற நாளிலிருந்து ஆறு மாதம் மிச்சம் இருக்கவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் இந்தியா போக எடுத்ததே போதும் என்று இருந்துவிட்டு நவம்பரில் திகதியைப் பார்ப்பவர்கள் உண்டு. வவுனியாப் பிராந்திய அலுவலகத்தில் எடுக்கலாம், பத்தரமுல்லைவரை அலையவேண்டாம், செப்டெம்பரிலேயே பார்த்துவிடுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கும் நாளுக்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பவேண்டும். அது இலவசம், காசு கேட்கிற இணையத்தளம் அரசாங்கத்தினது அல்ல. அப்பப்பாவின் வெற்றிலைப் பையில் புகையிலை இருந்தால் வீட்டிலேயே இறக்கிவையுங்கள். மெல்லும் புகையிலை அங்கே தடை, சுவிங்கமும் கொண்டுபோகக்கூடாது.

திருமலையிலிருந்து கட்டுநாயக்க ஏறத்தாழ 240 கிலோமீற்றர். சாதாரண நாளில் வானில் ஐந்தரை, ஆறு மணி நேரம்; மாரியில் ஒரு மணி நேரம் கூடவே வையுங்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இருட்டிய பிறகு யானை வீதிக்கு வரும், மழையில் கண்ணுக்கும் தெரியாது. நடுச்சாம விமானத்துக்கும் மத்தியானமே புறப்பட்டு, வெளிச்சத்தோடு தம்புள்ளையைத் தாண்டிவிடுவது நல்லது. இரவு ரெயில் விடியற்காலையில்தான் கொழும்பு கோட்டைக்குப் போகும், இரவு விமானத்துக்கு உதவாது. பறப்பு நான்கு மணி நேரம். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். இரவு ஏறி விடியப்போய் இறங்குகிற பிள்ளைக்கு நித்திரை மூன்று மணிகூட மிஞ்சாது. ஒரு நாள் ஹோட்டல் காசு மிச்சம் என்று இறங்கிய அன்றே பூங்காவுக்குச் சீட்டுப் போடுவது இந்தப் பயணத்தில் மிகச் செலவான சிக்கனம். மத்தியானம் ஒரு மணிக்கே பிள்ளை தோளில் தூங்கிவிடும், கட்டிய சீட்டுக் காசு போய்விடும். ஞாயிறு இரவு ஏறி, திங்கள் ஆறி, செவ்வாய் அல்லது புதன் பூங்கா என்று வையுங்கள்.

சீட்டை வாங்குமுன் பூங்காவின் இணையத்தளத்தில் அந்த மாதம் பராமரிப்புக்காகப் பூட்டியிருக்கும் ரைட்டுகளின் பட்டியலைத் தவறாமல் பாருங்கள். உங்கள் மகன் கேட்கிற ஒரே ஒரு ரைட் அந்தக் கிழமை பூட்டு என்றால், திகதியை மாற்ற இன்னும் நேரம் இருக்கும்போதே தெரிந்துவிடும்.